ஆறு மாத்திரை, பன்னிரண்டு மணி நேரம்

1997 மே 8, வியாழக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். வேத வாசிப்பு, ஜெபம், 5.40-க்குக் காபி. 5.55-க்குக் கொல்லைக் கடைசியில் இருந்த கழிப்பறைக்குப் போய், 6.15-க்குப் போன மாதிரியே திரும்பி வந்தேன். 6.20-க்குக் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன். எட்டு மணிக்கு இட்லி. அப்பாவுக்கு ஐந்து, அம்மாவுக்கு மூன்று, எனக்கு ஒன்று. அதையும் பாதியில் வைத்துவிட்டேன்.

இவ்வளவு துல்லியமாக எனக்கு ஞாபகமில்லை. அன்றைய நாட்குறிப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பதினான்கு வயதில் ஆரம்பித்த பழக்கம், இன்றுவரை ஒரு நாள் விட்டதில்லை. கணக்கு டீச்சர் வேறு. மணி, நிமிஷம் இல்லாமல் எனக்கு எதுவும் எழுத வராது. அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். அதை மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் போட்டேன் என்பதுதான் வருத்தம்.

அன்று அந்த மாதிரி நான்காவது நாள். காரணம் திருச்சியில் விடைத்தாள் திருத்தும் முகாம். எங்களைத் தங்க வைத்த விடுதியில் நாற்பது டீச்சர்களுக்கு இரண்டு கழிப்பறை. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதற்கு நாங்கள் எல்லோரும் கண்டுபிடித்த ஒரே தீர்வு, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. (அந்தக் காலத்து அரசுப் பெண் ஊழியர்கள் எத்தனை பேர் இப்படிக் காய்ந்துபோய் வேலை பார்த்தார்கள் என்று யாராவது கணக்கெடுக்கலாம்.) பரோட்டா, பிஸ்கட், டீ. பதினோரு நாள் இப்படி ஓட்டிவிட்டு, புதன்கிழமை வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது வயிறு பூட்டிய பெட்டி மாதிரி இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் இன்னும் நான்கு நாளில் தானே சரியாகியிருக்கும். ஆனால் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மயிலாடுதுறையிலிருந்து (எங்கள் வாயில் இன்னும் மாயவரம்தான்) என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பெயர் சாமுவேல். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். நாற்பத்தைந்து நாள் லீவு, அதில் பன்னிரண்டு ஏற்கெனவே போய்விட்டது. அவர் வீட்டிலிருந்து வந்த போட்டோவின் பின்னால் அவர் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: "இதைப் பெண்ணிடமும் காட்டவும். அவருக்கும் பிடிக்க வேண்டும்." அதற்கு முன் என்னைப் பார்த்துவிட்டுப் போன இரண்டு இடத்திலும் எனக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. ஒருவர் நான் உயரம் என்றாராம், இன்னொருவர் குள்ளம் என்றாராம். போட்டோவை நாட்குறிப்புக்குள் வைத்துக்கொண்டேன். இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று நான் ஜெபித்ததும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

மருந்தாளர் முன்னால் போய் மலச்சிக்கல் முகத்தோடு நிற்பதா? பக்கத்து வீட்டு மேரி அத்தையிடம் (அப்பாவின் தங்கை) சொன்னேன். அத்தையின் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். அவர் அனுப்பிய சாமான்களில் எந்த வியாதிக்கும் ஏதாவது இருக்கும்.

"இதுக்கா முகத்தை இப்படி வச்சுக்கிட்டிருக்கே? மாமா போன கிறிஸ்மஸுக்குக் கொண்டாந்தது இருக்குடி. ஃபாரின். நூறு மாத்திரை. உனக்குப் போக ஊருக்கே குடுக்கலாம்."

சிவப்பாக, ஜெம்ஸ் மிட்டாய் போலப் பளபளவென்று இருந்தது. மலத்தை இளக்கும் மாத்திரை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. லேபிளைப் படித்தேன். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன். 12 முதல் 72 மணி நேரத்தில் பலன் தெரியும்.

வினாவை முழுசாகப் படிக்காமல் விடை எழுதும் பிள்ளைகளை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! அன்று என் கண்ணில் பட்டது கடைசி வரி மட்டும். இப்போது வியாழன் காலை பத்து மணி. 72 மணி நேரம் என்றால் ஞாயிறு காலை பத்து. மாப்பிள்ளை வந்து போய்ப் பதினெட்டு மணி நேரத்துக்கு அப்புறம்! அது ஆகாது. எங்கள் பக்கத்தில் நடவு நட ஆள் பற்றவில்லை என்றால் என்ன செய்வார்கள்? இன்னும் நாலு ஆளை இறக்குவார்கள். எட்டாம் வகுப்பில் நானே நடத்தும் கணக்குதான், காலமும் வேலையும். நாட்குறிப்பின் ஓரத்தில் போட்டிருக்கிறேன், அடிக்கோடு சகிதம்:

ஒரு மாத்திரை, 72 மணி நேரம். எனவே ஆறு மாத்திரை, 12 மணி நேரம்.

பாட்டிலிலும் பன்னிரண்டு என்றுதானே போட்டிருக்கிறது! விடை சரியாக வந்த சந்தோஷத்தில் ஆறையும் அரை டம்ளர் காபியில் விழுங்கினேன். இரவு பத்து மணிக்கு எதிர்பார்க்கலாம் என்று எழுதி வைத்தேன்.

பத்து மணியும் வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமையும் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

வெள்ளி மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வலங்கைமான் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரரின் மகள் என்னிடம் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு என்று எப்படிக் கேட்பது?

"அப்பாவுக்கு. அஞ்சு நாளா வெளிய போகலை."

"சாருக்கா? நேத்துக்கூட வண்டியில நல்லாத்தானே போனார்!" என்ற கடைக்காரர் ஒரு மஞ்சள் மாத்திரை அட்டையை எடுத்து இரண்டை மட்டும் கத்தரித்தார். "படுக்கப்போறப்ப ஒண்ணு போடச் சொல்லுங்க டீச்சர். காலையில போயிடும். ஒண்ணே ஒண்ணு. இன்னொண்ணு தேவைப்பட்டா வேற ஒரு நாளைக்கு. வேற எதுவும் சாப்பிடலையே?"

"எதுவும் இல்லை" என்றேன். (அப்பா எதுவும் சாப்பிடவில்லை என்பது உண்மைதான்.)

அன்று இரவே அதைப் போட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். ஆனால் ஆறு சிவப்பு மாத்திரைகளுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா? சனி காலை வரை அவகாசம் கொடுத்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணி வரைக்கும் அவை அசையவில்லை. 7.05-க்கு மஞ்சள் மாத்திரை இரண்டையும் போட்டேன். ஒன்பது மணிக்கு மேரி அத்தை வந்தாள்.

"இன்னுமா இல்ல? மாப்பிள்ள வர்ற அன்னிக்கு இப்படி உப்பிக்கிட்டு நின்னா என்ன நினைப்பாங்க? இந்தா, வெளக்கெண்ணெய். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே முழுங்கு."

மஞ்சள் மாத்திரையைப் பற்றி அத்தையிடம் நான் சொல்லவில்லை. விளக்கெண்ணெயைப் பற்றி அம்மாவிடம் அத்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிந்து வைத்திருந்தது என் வயிறு ஒன்றுதான். மாயவரம் ஜங்ஷனில் மூன்று திசையிலிருந்து மூன்று ரயில் ஒரே பிளாட்பாரத்துக்குக் கிளம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணிக்கு அம்பாசடர் கார் வாசலில் வந்து நின்றது. சாமுவேல், அவருடைய அம்மா, அவர்கள் ஊர்ச் சபையின் உபதேசியார். போட்டோவில் இருந்ததைவிட அவருக்குக் காது கொஞ்சம் பெரிசு. அது எனக்குப் பிடித்தது. மின்சாரம் போயிருந்ததால் அப்பா எல்லோருக்கும் பனையோலை விசிறி கொடுத்தார். என்னை மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் ஹாலுக்கு அழைத்துவந்து நிறுத்தினார்கள்.

எங்கள் லுத்தரன் குடும்பங்களில் பெண் பார்க்க வந்தால் முதலில் ஜெபம். அப்புறம்தான் காபி, அப்புறம்தான் பேச்சு. எல்லோரும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டோம். உபதேசியார் ஆரம்பித்தார். ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஆரம்பித்தார். சரி, திருமணத்துக்கு அது பொருத்தம்தான். ஏவாள் முடிந்ததும் சாராள். சாராளுக்கு அப்புறம் ரெபெக்காள். ரெபெக்காள் கிணற்றுக்குப் போய்க் குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு பத்து ஒட்டகத்துக்கும் ஊற்றிய இடத்தில் என் வயிற்றுக்குள் ஒரு சத்தம். அத்தை என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு விட்டாள். நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்தாளாம்.

நான் கணக்குப் போட்டேன். (இது சரியான கணக்கு.) உபதேசியார் இன்னும் ஆதியாகமத்தில்தான் இருக்கிறார். அடுத்தது யாக்கோபு, அவர் ராகேலுக்காக ஏழு வருஷம் உழைக்க வேண்டும். அது முடிந்து இன்னொரு ஏழு வருஷம். கானா ஊர்க் கல்யாணமோ புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. அதுவரை என்னால் முடியாது.

எல்லோருக்கும் கண் மூடியிருந்தது. பின்பக்கமாகவே மூன்று அடி வைத்தேன். சமையலறை. அப்புறம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டம்.

எங்கள் கழிப்பறைக்குத் தகரக் கதவு. திறந்தாலும் கத்தும், மூடினாலும் கத்தும். உள்ளே உட்கார்ந்திருந்தபோது வீட்டிலிருந்து "ஆமென்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னது தெளிவாகக் கேட்டது. பழக்க தோஷத்தில் நானும் அங்கிருந்தே "ஆமென்" என்றேன்.

ஹாலில் நடந்ததை அத்தை பிற்பாடு ஆயிரம் தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள். கண்ணைத் திறந்தால் பெண் நின்ற இடத்தில் பெண் இல்லை. உபதேசியார் மேலே பார்த்தாராம், எலியாவைப் போலப் பரத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டேனோ என்று. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டு ஜெபமாக இருந்தாலும் ஆரம்பிப்பதற்குமுன் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்பார்: "லில்லி, போயிட்டு வந்துட்டியா? ஆரம்பிக்கலாமா?" என்னைவிட முப்பது வயது சின்னப் பிள்ளைகளும் கேட்கின்றன. ஆயர் வந்திருந்தபோதும் கேட்டார்கள்.

அன்று அத்தைதான் சமாளித்தாள். "தண்ணி மோட்டாரை நிறுத்தப் போயிருக்கா. ரொம்பப் பொறுப்பான பொண்ணு."

"கரண்ட் இல்லையேம்மா" என்று சாமுவேலின் அம்மா விசிறிக்கொண்டே சொன்னார்.

நான் முகம் கழுவிக்கொண்டு வந்து காபித் தட்டை எடுத்தேன். நான்கு அடி நடந்திருப்பேன், இரண்டாவது ரயில். தட்டை உபதேசியாரின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். அவர் அதை நைவேத்தியம் மாதிரி ஏந்திக்கொண்டு நின்றாராம்.

மூன்றாவது முறை திரும்பி வந்தபோது காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. சாமுவேலின் அம்மா விசிறியை மடியில் வைத்தார்.

"நான் ஒளிவுமறைவு இல்லாமக் கேட்டுடறேன். பொண்ணுக்கு இதுல விருப்பம் இருக்கா? வந்ததுலேருந்து நிக்கவே மாட்டேங்குது. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. வேற எங்கயாச்சும் மனசு இருந்து, நீங்க வற்புறுத்திக் கூட்டியாந்து நிறுத்தியிருந்தா, அது எங்க பிள்ளைக்கும் நல்லதில்ல."

அப்பாவின் முகத்தை நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெபத்தில் பெண் ஓடிப்போனது என்று நாளைக் காலை ஆராதனைக்குள் மாயவரம் முழுக்கப் பரவிவிடும்.

சாமுவேல் எழுந்தார். "அம்மா, நான் அவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசிட்டு வரட்டுமா? இங்க கொல்லையிலதான், எல்லாரும் பார்க்கத்தான்."

அடிபம்புக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. எனக்குப் பிடிக்கலைன்னு நானே சொல்லிடறேன். உங்களுக்குப் பேர் கெடாது."

பொய் சொல்ல அருமையான வாய்ப்பு. தலைவலி என்றிருக்கலாம். ஆனால் போட்டோவின் பின்னால் அப்படி எழுதிய மனுஷன், நேரிலும் அப்படியே இருக்கிறார். அவரைத் தவறவிட்டால் அப்புறம் வெட்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"இஷ்டம் இருக்கு. வயிறுதான் சரியில்லை."

"என்ன ஆச்சு?"

சொன்னேன். எனக்குச் சொல்லத் தெரிந்த விதத்தில் சொன்னேன். "எட்டாம் தேதி காலை பத்துக்கு சிவப்பு மாத்திரை ஆறு, அரை டம்ளர் காபியோட. இன்னிக்கு ஏழு அஞ்சுக்கு மஞ்சள் மாத்திரை ரெண்டு. ஒன்பது மணிக்கு விளக்கெண்ணெய், ஒரு அவுன்ஸ் இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"ஆறு எதுக்குங்க?"

கணக்கைச் சொன்னேன். எழுபத்திரண்டு வகுத்தல் ஆறு.

இப்போதுதான் அவருடைய வாய் ஓரம் துடித்தது. "டீச்சர், நாத்து வளர இருபத்தஞ்சு நாள் ஆகுது. நாத்தங்கால்ல இருபத்தஞ்சு ஆளை இறக்கி நிக்கவச்சா ஒரே நாள்ல வளர்ந்துடுமா?"

"வளராது."

"அந்த சிவப்பு மாத்திரை பிடிச்சுத் தள்ளாது. தண்ணியை உள்ள இழுத்து இளக்க மட்டும்தான் செய்யும். அதுக்கு ரெண்டு, மூணு நாள்கூட ஆகும். நீங்க தண்ணியே குடிக்கலை, அது எதை இழுக்கும்? அது பாட்டுக்கு நிதானமா வேலை பார்த்திருக்கும். அதுக்குள்ள பின்னாலேயே மஞ்சளை அனுப்பிட்டீங்க, எண்ணெயையும் அனுப்பிட்டீங்க. இதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு போடவே கூடாதுங்க. வாந்தி இருக்கா? வயித்துல கடுமையா வலி? ரத்தம்?"

"இல்லை."

"நல்லவேளை. அதுல ஒண்ணு இருந்தாலும் இப்பவே கார்ல ஏத்தி டாக்டர்கிட்ட கொண்டுபோயிருப்பேன்."

"ஒரு நிமிஷம்" என்றேன்.

நான்காவது ரயில். நான் எண்ணாத ரயில். தகரக் கதவு கத்தியது. திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில்தான் இருந்தார். ஆனால் கழிப்பறைக்கு முதுகைக் காட்டி, வெறும் தரிசாகக் கிடந்த வயலை ரொம்ப சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மே மாதத்து வயலில் பார்க்க என்ன இருக்கிறது? வெடிப்புதான். அந்த முதுகுக்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த பாட்டில் ரொம்ப விலையா?" என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"ஃபாரின் லேபிளுக்குத்தான் விலை. நம்ம ஊர்க் கடையிலயே இந்த வேலைக்குச் சல்லிசா மருந்து இருக்கு. கம்பெனி பேரைச் சொல்லாம மருந்து பேரைச் சொல்லிக் கேக்கணும். இல்லன்னா இசப்கோல் உமி, டம்ளர் நிறையத் தண்ணியோட. அதுக்கும் முன்னாடி தண்ணி, கீரை, கொய்யாப்பழம். எப்பவாச்சும் ஒருதரம்னா இவ்வளவு போதும். எந்த மருந்தும் ஒரு வாரத்துக்கு மேல வேணும்னா, கடைக்காரரை விட்டுட்டு டாக்டரைப் பாக்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அப்புறம் உங்க அப்பாவுக்குன்னு சொல்லி வாங்கக் கூடாது. அவர் வேற மாத்திரை சாப்பிடறாரா, வயசு என்னன்னு அதை வச்சுத்தான் கடைக்காரர் கொடுப்பார்."

(அதை நான் சொல்லவே இல்லை. "எல்லாப் பொம்பளைங்களும் அப்பாவுக்குன்னுதான் கேப்பாங்க" என்று பிறகு விளக்கினார்.)

உள்ளே போய் அவர் அவருடைய அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எழுந்து கைகூப்பினார்.

"வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்."

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இதற்கு ஒரே அர்த்தம்தான். வேண்டாம் என்று சொல்ல மனசில்லாதவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். முந்தைய இரண்டு இடத்திலும் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், இன்னும் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கார் திரும்பியதும் அம்மா சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்த்தாள். அப்பா என்னைத் திட்டவில்லை. "விடு பாப்பா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலைக் குறிப்புகளுக்கு அப்புறம் அன்றைய நாட்குறிப்பில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. "எல்லாம் முடிந்தது. இரண்டு அர்த்தத்திலும்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

மே 11, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.10. அத்தை தன் வீட்டு வேலிக்கு மேலாகக் கூப்பிட்டாள். "லில்லி! போன்! மாயவரத்துலேருந்து! அப்பாவைக் கூப்பிடவான்னா, வேண்டாமாம், உன்னத்தான் கேக்கறாங்க!"

ஓடிப்போய் வாங்கினேன். சாமுவேலின் அம்மா.

"என்னம்மா, நேத்து மொத்தம் எத்தனை தடவை?"

"ஏழு, ஆன்ட்டி."

"இப்ப?"

"நின்னுடுச்சு ஆன்ட்டி."

"சரி. ஜாக்கெட் அளவு வேணும். இன்னிக்கு ஆராதனை முடிஞ்சு கும்பகோணம் போய்ப் புடவை எடுக்கறோம், தையல்காரன்கிட்ட துணியைக் கொடுத்துட்டா அவன் உடனே ஆரம்பிச்சுடுவான். சாமுவேலுக்கு லீவு ஓடிக்கிட்டே இருக்கு, அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாம். ஆனா இன்னிக்கு அளவெடுத்துச் சொல்லாதே, இளைச்சுப்போயிருப்பே, கல்யாணத்தன்னிக்கு இறுக்கிப் பிடிக்கும். நல்ல ஜாக்கெட் ஒண்ணை எடுத்து அதை அளந்து சொல்லு."

அளவு நாடா எங்கள் வீட்டு அலமாரியில், மேல் தட்டில், இடது ஓரத்தில் இருந்தது. ஆனால் முதல் வேலையாக அத்தை வீட்டுச் சமையலறைக்குப் போய், இரண்டு டம்ளர் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, நின்றபடியே இரண்டையும் குடித்தேன்.